ஒரே எண்ணில் நாலு கம்ப்யூட்டர்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மாடியில் ஓர் அறை, நாலு கம்ப்யூட்டர், வேலைக்கு இரண்டு பெண்கள். ரப்பர் ஷீட் வியாபாரிகள், முந்திரி ஆலைகள், பேக்கரி, ஹார்டுவேர் கடை என்று முப்பது பேருக்கு மேல் டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார். கணக்கெல்லாம் உள் மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சர்வர். மற்ற மூன்றும் அதிலுள்ள ஷேர் ஃபோல்டரைத் திறந்துதான் வேலை செய்யும். நாலையும் 2023-இல் ஒரே நாளில், அந்தப் பகுதியில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் பார்க்கும் ஓர் அண்ணனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்.

2025 செப்டம்பர் 10, புதன்கிழமை காலை. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைப் போடக் கடைசி நாள். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சர்வர் ஃபோல்டர் பாஸ்வேர்ட் கேட்கிறது. அடித்தால் தவறு என்கிறது. "கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கை தானாக அடிக்கிற பாஸ்வேர்ட் சார், அதைப் போய்த் தப்பு என்கிறது" என்று எழுதியிருக்கிறார். அண்ணன் வந்து, கேபிள் போயிருக்கும் என்று ஸ்விட்சையும் கேபிளையும் மாற்றினார். 6,500 ரூபாய் ஆனது, சரியாகவில்லை. வைரஸ் என்று ஸ்கேன் ஓட்டினார், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் முந்தின இரவு வந்த விண்டோஸ் அப்டேட்டை நீக்கியதும் எல்லாம் திறந்தது. அக்டோபர் 15 காலை மறுபடியும் அதே கதை. அண்ணன் மறுபடியும் நீக்கி, இந்த முறை அப்டேட் சர்வீஸையே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. ரூட்டரின் பின்னால் சொருகி வைத்திருக்கும் பேக்கப் ஹார்டு டிஸ்க், கோடைக்காலத்திலிருந்தே எந்தக் கம்ப்யூட்டரிலும் திறப்பதில்லை. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. "எந்த நிறுவனம் சார்? இங்கே நிறுவனமே நான்தானே?"

அவர் கேட்பவை: அப்டேட்டை இப்படியே நிறுத்தி வைக்கலாமா? பேசாமல் விண்டோஸ் 10-க்குப் போய்விடலாமா? இதற்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது? கடிதத்தின் கடைசி வரியில், தயங்கித் தயங்கி: அந்த அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டாரா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏமாற்றவில்லை. எல்லோரும் செய்கிற ஒரு குறுக்குவழியில் அவரும் போயிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. அது என்ன வழி என்று சொல்லும்முன், உங்கள் கடிதத்தில் வேறொன்றைத் திருத்த வேண்டும்.

'நெட்வொர்க் போய்விட்டது' என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. அன்று காலை நாலு கம்ப்யூட்டரிலும் ஜிஎஸ்டி போர்ட்டல் திறந்தது என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கேபிள், ஸ்விட்ச், ரூட்டர் எல்லாமே நன்றாக இருந்திருக்கின்றன. அதற்கும் மேலே, சர்வர் உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. கேபிள் போயிருந்தால் கேட்கவே கேட்காது. வாசல் வரைக்கும் போய்க் கதவைத் தட்டியாயிற்று, உள்ளேயிருந்து "யாரு?" என்று குரலும் வந்தாயிற்று. நீங்கள் சொன்ன பதிலைத்தான் அது நம்பவில்லை. அந்த 6,500 ரூபாய் வீண்செலவு, மன்னிக்க வேண்டும்.

கோஸ்ட் போட்ட கதை

நாலு கம்ப்யூட்டருக்குத் தனித்தனியாக விண்டோஸ் போட ஒரு முழு நாள் வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் நன்றாகப் போட்டுவிட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்கு நகல் எடுப்போம். அந்தக் காலத்தில் நார்ட்டன் கோஸ்ட் என்ற மென்பொருளில் செய்ததால் இன்றைக்கும் 'கோஸ்ட் போடுவது' என்றுதான் பேச்சு. வடசேரியிலும் தக்கலையிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த நாட்களில் நானே ஒரே ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு மெஷினுக்குக் கோஸ்ட் போட்டிருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போது எல்லாம் ஓடும், நமக்கும் நல்ல பெயர்.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. விண்டோஸை நிறுவும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று எஸ்ஐடி என்ற ஒரு நீளமான அடையாள எண் உருவாகும். நகல் எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். ஒரே எண்ணில் நாலு வீட்டுக்கு ரேஷன் கார்டு இருப்பதைப்போல. கடையில் யாரும் எண்ணை ஒத்துப் பார்க்காதவரை நாலு வீட்டிலும் அரிசி வேகும்.

2025 ஆகஸ்ட் 29 அன்று முன்னோட்டமாகவும், செப்டம்பர் 9 அன்று எல்லோருக்குமாகவும் வந்த அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 11 ஒத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 24எச்2, 25எச்2 என்ற இரண்டு பதிப்புகளிலும் இந்தச் சோதனை உண்டு. இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே எஸ்ஐடி இருந்தால் ஒன்று மற்றொன்றை உள்ளே விடாது. அப்போது திரையில் வருவது, பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்ற செய்திதான். உண்மையான காரணத்தை அது சொல்லாது, அதுதான் எல்லோரையும் சுற்றவிட்டது. இது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காகத் தெரிந்தே செய்த மாற்றம் என்று மைக்ரோசாஃப்ட் அக்டோபர் மாதம்தான் விளக்கம் வெளியிட்டது. செப்டம்பர் 10 காலையில் உங்கள் அண்ணன் எங்கே தேடியிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

தேதியும் பொருந்துகிறது. மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு, பருவத்தைப் பொறுத்து, இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே நம் ஊரில் வினை தெரிவது புதன்கிழமை காலையில். நீங்கள் எழுதிய இரண்டு தேதியுமே புதன்கிழமைகள்தான்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

நான் சொல்வது கடிதத்தைப் படித்துச் செய்த ஊகம். பத்து நிமிடத்தில் நீங்களே சரிபார்க்கலாம், யாரும் வர வேண்டாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'ஹூ ஆம் ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். பிறகு ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, 'யூசர்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீள எண் வரும். கடைசித் துண்டு 1001, 1002 என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் உள்ள மூன்று பெரிய எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். நாலு கம்ப்யூட்டரிலும் அவை ஒன்றாக இருந்தால் ஊகம் சரி. இன்னும் ஒரு சாட்சி வேண்டுமானால், தகராறு நடந்த நாளில் சர்வரில் நடந்ததை எல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் 6167 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்கள் வேறு வேறாக இருந்தால் காரணம் வேறு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது, செட்டிங்ஸில் உங்கள் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா, 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா என்பது. பெரிய அப்டேட்டுக்கோ டிரைவர் மாற்றத்துக்கோ பிறகு சில சமயம் இது மாறிவிடும். மாறினால் இன்டர்நெட் ஓடும், பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் மட்டும் கண்ணில் படாது. ஒரு கிளிக்கில் தீருகிற விஷயம். யூடியூபைப் பார்த்து 'நெட்வொர்க் ரீசெட்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். வைஃபை பாஸ்வேர்ட், கையால் கொடுத்து வைத்த ஐபி முகவரி எல்லாம் அதோடு போய்விடும். ஃபயர்வாலை அணைத்து வைப்பதும் வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்

அப்டேட்டை நிறுத்தியே வைப்பது, விண்டோஸ் 10-க்குத் திரும்புவது, மூன்று கம்ப்யூட்டருக்கு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. இந்த மூன்றுதான் உங்கள் முன்னால் இருப்பவை.

முதலாவது இன்றைக்குச் செலவில்லாதது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முப்பது பேருடைய பான், ஆதார் நகல், ஜிஎஸ்டி பாஸ்வேர்ட், டிஜிட்டல் கையொப்பம். 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கியது நினைவிருக்கலாம். அது நுழைந்ததும் இந்த ஃபோல்டர் ஷேரிங் வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, வைரஸ் வந்தது மே மாதம். அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அடுத்தவர் ஆவணங்களை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்று 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. ஆகவே அப்டேட் சர்வீஸை இன்றே திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை இடைவெளி வேண்டுமானால், செட்டிங்ஸில் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் 'பாஸ் அப்டேட்ஸ்' என்ற வசதி இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து வாரம் தள்ளிப்போடலாம், அதன்பிறகு அது தானாகவே விழித்துக்கொள்ளும். சர்வீஸை அணைத்துவிட்டால் விழிக்காது, நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

இரண்டாவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாலிலும் விண்டோஸ் 10-ஐத் தனித்தனியாகப் போட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் புது எண் வந்துவிடும். எல்லோரும் "பார்த்தியளா, பழசுதான் நல்லது" என்பார்கள். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கென்று ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு, அதுவும் 2026 அக்டோபரில் முடிகிறது. எப்படியும் ஃபார்மட் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் 11-ஐயே போட்டுவிடலாமே.

ஆக மூன்றாவது. இதில் நல்ல செய்தி, நாலையும் தொட வேண்டியதில்லை. ஒன்றைவிட்டு மூன்றை மாற்றினாலே நாலு எண்ணும் தனித்தனியாகிவிடும். விட வேண்டியது சர்வரை. கணக்கு முழுக்க அதில் இருக்கிறது, உங்கள் டாலி பலர் சேர்ந்து பயன்படுத்தும் உரிமம் என்று எழுதியிருப்பதால் அந்த உரிமமும் அந்த மெஷினில்தான் இருக்கும். மற்ற மூன்றும் அதிலிருந்து எடுத்துக்கொள்பவை, ஃபார்மட் செய்தாலும் உரிமத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒருவேளை சர்வரைத்தான் ஃபார்மட் செய்ய வேண்டிவந்தால், முதலில் டாலிக்குள் போய் உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு கஸ்டமர் கேரில் காத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்கான 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி நெருக்கடிகள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வந்தால் மார்த்தாண்டத்தில் கரண்டை நம்ப முடியாது, பாதி நிறுவலில் மெஷின் அணைந்தால் வேலை இரட்டிப்பு. யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சனிக்கிழமையே பார்த்து வையுங்கள்.

ஃபார்மட்டுக்கு முன் டெஸ்க்டாப்பில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். வேலை பார்க்கும் பெண்கள் எக்செல் ஃபைல்களை அங்கேதான் வைத்திருப்பார்கள், எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான். பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்ட்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான டிரைவர், பிரின்டர் டிரைவர் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தையும் ஒரு பார்வை. டிஜிட்டல் உரிமம் என்று இருந்தால், அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஏதாவது கிராக் வைத்து ஓட்டியிருந்தால் அந்தக் கதை அன்றைக்கு வெளியே வரும். மெஷினின் இன்டெல் பிராசசர் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு அது தகுதியே இல்லை. முன்பு ஏதோ உபாயத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மெஷினுக்கு மறுபடியும் செலவு செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஒரு மெஷினில் புதிதாகப் போட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் அதையே நகல் எடுத்துவிடப் போகிறார்! பழகிய கை அப்படித்தான் போகும். நகல் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன், பழைய எண்ணை அழித்துவிடும் 'சிஸ்பிரெப்' என்ற விண்டோஸ் கருவியை ஓட்டி, அதில் 'ஜெனரலைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டே மெஷினுக்கு அந்த வேலை எதற்கு, பென்டிரைவில் தனித்தனியாகப் போட்டுவிடலாம் என்பேன்.

ரூட்டரில் தொங்கும் டிஸ்க்

இது வேறு நோய். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்ட் இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறக்கும் ஷேர்களை அனுமதிப்பதில்லை. உங்கள் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் வைத்ததே இல்லை என்கிறீர்கள், காரணம் அதுதான். கோடையில் அந்தப் பதிப்பு உங்கள் மெஷின்களுக்கு ஏறியிருக்கும். 'உங்கள் நிறுவனம்' என்பது மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்த வாசகம். அரசாங்கமும் இல்லை, ஜிஎஸ்டி துறையும் இல்லை, பயப்பட வேண்டாம்.

ரூட்டரின் செட்டிங்ஸில் அந்த டிஸ்க்குக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் ரூட்டர் பழைய நெறிமுறை மட்டும் பேசுவதாக இருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி நேராகச் சர்வரில் சொருகிவிடுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றி கெஸ்ட்டை மறுபடி அனுமதிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. வேலை செய்யலாம். ஆனால் உங்கள் வைஃபையில் நுழைந்த யாரும் வாடிக்கையாளர் ஆவணங்களைத் திறக்கலாம் என்ற பழைய நிலைக்கே போய்விடுவீர்கள். கோடையிலிருந்து பேக்கப் இல்லாமல் ஓடுகிறது என்பதுதான் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்திய வரி. ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்று மாலையே ஒரு தனி டிஸ்க்கில் டாலி டேட்டாவை எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நஷ்டஈடு

மைக்ரோசாஃப்டிடம் கேட்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அவர்கள் பாதுகாப்பை இறுக்கியிருக்கிறார்கள், அதுவும் நகல் எடுத்த விண்டோஸில்தான் இடிக்கிறது. அண்ணன் விஷயத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சிஸ்பிரெப் ஓட்டாமல் நகல் எடுக்கக் கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் பழைய விதி. ஆனால் எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் கெடுதல் ஒன்றும் வராது என்று 2009-இல் எழுதியவரும் மைக்ரோசாஃப்ட்காரர்தான், மார்க் ரஸினோவிச். அந்த எண்ணை மாற்றித்தரும் தன்னுடைய நியூசிட் என்ற கருவியையே தேவையில்லை என்று அப்போது நிறுத்திக்கொண்டார். அதை நம்பிப் பதினைந்து வருடம் தொழில் செய்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் அண்ணனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சட்டப்படி வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்கிய பொருளைச் சேர்ப்பதில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்துமா என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், 2023-இல் வாங்கிய பொருளுக்கு அந்தக் கணக்கே ஒரு வாதமாகிவிடும். என்னைக் கேட்டால், நாலு மெஷினின் எண்களும் எழுதிய தாளை அண்ணனிடம் காட்டுங்கள். புதிதாகப் போட்டுத்தரும் வேலைக்குக் கூலி வாங்காமல் இருக்கச் சொல்லுங்கள். நியாயமான ஆளாக இருந்தால் சம்மதிப்பார். இரண்டு முறை கூப்பிட்ட உடனே மாடியேறி வந்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்களே.

எல்லாம் முடிந்த பிறகு, இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்த நாள் ஒரு மெஷினை மட்டும் முதலில் அப்டேட் ஆக விடுங்கள். மற்ற மூன்றையும் ஒரு வாரம் 'பாஸ்' செய்து வையுங்கள். முதல் மெஷினில் டாலி திறந்து, பிரின்ட் வந்து, டோக்கனும் வேலை செய்தால் மற்றவற்றையும் விட்டுவிடலாம். 11-ஆம் தேதி நெருக்கடியில் நாலும் ஒன்றாகப் படுக்காது.

அப்புறம், கழற்றிப்போட்ட அந்தப் பழைய ஸ்விட்ச் எங்கே என்று அண்ணனிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அது நல்ல நிலையில்தான் இருக்கிறது. அடுத்த இடிக்குப் புதியது போனால் உதவும்.